வட்ட வட்டமாய்ப் படர்தாமரை

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோலார் தங்கவயல். சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீடு. வாசலில் சின்னத் திண்ணை. உள்ளே ஒரே அறை. அந்த வீட்டில் ஆறு பேர். தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அப்பா பெங்களூரில் வேலை செய்கிறார். விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுகிறார். இரவுதான் வீடு திரும்புகிறார். அம்மா, ஆயா, ஒரு பையன், அவனுக்கு ஒரு தங்கை.

பையனுக்கு ஏழு வயது. ஒருநாள் அவனைக் குளிப்பாட்டும்போது அம்மா கவனித்தாள். வயிற்றில் ஒரு வட்டம். ஒரு ரூபாய்க் காசு அளவு இருந்தது. ஓரம் சிவந்து தடித்திருந்தது. ஓரத்தில் செதில் செதிலாக இருந்தது. நடுவில் மட்டும் தோல் சாதாரணமாக இருந்தது. பையன் அதைச் சொறிந்துகொண்டே இருந்தான்.

"அத்தை, இதைப் பாருங்க. வட்டமா என்னமோ வந்திருக்கு."

ஆயா பார்த்தாள். "வண்டுகடிம்மா. சுண்ணாம்பு தடவு. போயிடும்."

சுண்ணாம்பு தடவினார்கள். தோல் வெந்து போயிற்று. பையன் இரவெல்லாம் அழுதான். மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். "மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் இருக்கு. எங்க வீட்டில் எல்லாருக்கும் அதுதான்" என்றாள்.

அம்மா கடைக்குப் போய் அந்த ட்யூபை வாங்கினாள். மருத்துவர் சீட்டு ஏதும் கேட்காமலே கொடுத்தார்கள். தடவிய இரண்டாம் நாள் அரிப்பு நின்றது. நான்காம் நாள் சிவப்பு மறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். மீதி ட்யூப் அலமாரிக்குப் போயிற்று.

இரண்டு வாரம் கழிந்தது. வயிற்றில் ஒரு வட்டம் இருந்த இடத்தில் ஐந்து வட்டம். வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். தங்கையின் கழுத்திலும் ஒன்று. மறுபடியும் ட்யூப். மறுபடியும் குறைந்தது. மறுபடியும் வந்தது. இப்படியே மூன்று மாதம் போயிற்று.

அந்த ட்யூபில் என்ன இருந்தது? அதைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த வட்டம் என்ன என்று பார்ப்போம்.

வண்டும் இல்லை, புழுவும் இல்லை

இந்த நோய்க்குப் படர்தாமரை என்று பெயர். படர்ந்து கொண்டே போவதால் அந்தப் பெயர். சிலர் வண்டுகடி என்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'வட்டப் புழு' என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. ஆனால் எந்த வண்டும் கடிக்கவில்லை. எந்தப் புழுவும் ஊரவில்லை.

மழைக்காலத்தில் தோல் செருப்பை மூலையில் போட்டு வையுங்கள். பத்து நாளில் அதன் மேல் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருக்கும். ஊறுகாயில் ஈரக் கரண்டி பட்டாலும் பூசணம் வரும். பழைய ரொட்டியிலும் வரும். அந்தப் பூசணத்தின் இனத்தைச் சேர்ந்ததுதான் படர்தாமரையை உண்டாக்குவதும். இதைப் பூஞ்சை என்றும் காளான் என்றும் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. 1840-களில் பாரிஸ் நகரில் டேவிட் க்ரூபி என்ற மருத்துவர் இதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நோய் வந்த தலைமுடியில் பூஞ்சை இருப்பதைக் காட்டினார்.

இந்தப் பூஞ்சைக்கு உணவு எது? நம் தோலின் மேல் அடுக்கு, முடி, நகம். இவை மூன்றும் ஒரே வகைப் பொருளால் ஆனவை. அதைத்தான் பூஞ்சை தின்கிறது. ஓர் இடத்தில் விழுந்து, தின்றுகொண்டே வெளிப்பக்கமாக நகர்கிறது. அதனால்தான் ஓரம் சிவந்தும் நடு ஆறியும் தெரிகிறது. வட்டம் நாளுக்கு நாள் பெரிதாவதற்கும் அதுதான் காரணம். பொதுவாக இது தோலின் மேலோடு நின்றுவிடும். இரத்தத்துக்குள் போகாது.

பூஞ்சைக்குச் சூடும் ஈரமும் வேண்டும். வியர்வை என்றால் அதற்குக் கொண்டாட்டம். தங்கவயல்காரர்களுக்கு வியர்வையைப் பற்றிப் பாடம் சொல்லத் தேவையில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல். அந்தச் சூட்டில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று அந்த லைன்களில் வாழ்கிறார்கள்.

சின்ன வீடு. ஒரே பாயில் மூன்று பேர் படுக்கிறார்கள். ஒரே துண்டில் நான்கு பேர் துடைக்கிறார்கள். தண்ணீர் வராத நாளில் துணி துவைப்பது தள்ளிப் போகிறது. ஒருவர் தோலில் இருந்து இன்னொருவர் தோலுக்குப் பூஞ்சை போக இவ்வளவு போதும். நாய்க்குட்டி, பூனைக்குட்டி, கன்றுக்குட்டி ஆகியவற்றின் உடம்பில் இருந்தும் குழந்தைக்கு ஒட்டும். குட்டியின் உடம்பில் முடி கொட்டிய திட்டு இருந்தால் குழந்தையைத் தூக்கவிடக் கூடாது.

இது அழுக்குக்காரர் நோய் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. தினமும் குளிக்கும் குழந்தைக்கும் வரும். குளித்துவிட்டு ஈரம் துடைக்காமல் சட்டை போட்டால் வரும். வெட்கப்பட்டு மறைத்தால் வீடு முழுக்கப் பரவும்.

கண்டுபிடிப்பது எப்படி?

குழந்தையின் உடம்பில் வரும் எல்லாத் தடிப்பும் படர்தாமரை அல்ல. வித்தியாசம் தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

உடம்பிலும் முகத்திலும் வரும் படர்தாமரையை வட்டத்தை வைத்தே அறியலாம். ஓரம் தடித்து, நடு ஆறி, அரிப்போடு இருக்கும். தொடை இடுக்கிலும் இடுப்பில் கயிறு கட்டும் இடத்திலும் வந்தால் முழு வட்டமாக இராது. வளைந்த கோடு போல இருக்கும். கால் விரல் இடுக்கில் வந்தால் தோல் வெள்ளையாக ஊறி உரியும். அதைச் சேற்றுப்புண் என்கிறோம். நாள் முழுக்க ஷூவும் நனைந்த சாக்ஸும் போட்டிருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அது வரும். சேற்றில் கால் வைக்க வேண்டும் என்பதில்லை.

கைக்குழந்தைக்கு வருவது வேறு வகைப் பூஞ்சை. நாப்கின் கட்டும் இடத்தில், தொடை மடிப்புக்குள்ளே, செக்கச் செவேல் என்று சிவந்திருக்கும். சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் சிதறி இருக்கும். அதே பூஞ்சை வாயிலும் வரும். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளை படியும். பால் ஒட்டியது என்று நினைப்போம். பால் என்றால் துடைத்தால் போய்விடும். இது எளிதில் போகாது.

மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் வரும் தேமலும் பூஞ்சையால் வருவதே. வெளிறிய சிறு புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து திட்டாகும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடு போல உதிரும். சின்னக் குழந்தைகளைவிடப் பெரிய பிள்ளைகளுக்கே இது அதிகம். மருந்தில் பூஞ்சை போன பிறகும் தோலின் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். மருந்து வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் சின்னக் குழந்தைகளின் கன்னத்தில் மட்டும் மங்கலாக வெளிறிய திட்டு வருகிறதே, அது பெரும்பாலும் பூஞ்சை அல்ல. வயிற்றில் புழு இருப்பதால் வருகிறது என்பார்கள். அதுவும் இல்லை. தோல் வறண்டு போவதால் வருவது. தேங்காய் எண்ணெய் தடவி வந்தாலே மெல்ல மறையும்.

இரவில் அரிப்பு அதிகமா? விரல் இடுக்கில், மணிக்கட்டில், இடுப்பில் சிறு சிறு கொப்புளமா? வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்களா? அது சொறி சிரங்காக இருக்கலாம். அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி. மருந்தும் வேறு.

இன்னொன்றை மறக்கக் கூடாது. வெளிறிய அல்லது சிவந்த படை இருக்கிறது. அரிப்பே இல்லை. குழந்தையைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு கோழி இறகால் அந்த இடத்தைத் தொடுங்கள். தொடுவது தெரியவில்லை என்றால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு அரசு இலவசமாக மருந்து தருகிறது. சீக்கிரம் போனால் ஊனம் இல்லாமல் முழுதும் குணமாகும்.

அந்த ட்யூபில் என்ன இருந்தது?

இப்போது ட்யூபுக்கு வருவோம்.

அதில் ஸ்டீராய்டு என்ற மருந்து கலந்திருந்தது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. சில தோல் நோய்களுக்கு அது தேவை. ஆனால் பூஞ்சைக்கு அது மருந்தே அல்ல.

தோலில் பூஞ்சை நுழைந்ததும் உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையால் வருவதுதான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. சிவப்பு போகிறது. அரிப்பு போகிறது. பூஞ்சை மட்டும் போவதில்லை. சுரங்கம் நடந்த காலத்தில் வாசலில் வாட்ச் அண்ட் வார்டு காவல் நிற்கும். அந்தக் காவல்காரரைத் தூங்க வைத்துவிட்டால் சத்தம் இருக்காது. ஆனால் திருடன் உள்ளே நிம்மதியாகத் தன் வேலையைப் பார்ப்பான். ட்யூப் செய்ததும் அதுதான்.

தடவுவதை நிறுத்தியதும் காவல் விழிக்கிறது. அதற்குள் பூஞ்சை எங்கும் பரவிவிட்டது. அதனால்தான் ஐந்து வட்டம். அதனால்தான் வட்டத்துக்குள் வட்டம்.

பல நாள் தடவினால் கேடு இன்னும் பெரிது. தோல் மெலிந்து போகும். வெள்ளை வெள்ளையாக வரி விழும். அந்த வரி மறையாது. குழந்தைகளின் தோல் மெல்லியது. மருந்து எளிதாக உடம்புக்குள் இறங்கும். அதிகமாக இறங்கினால் குழந்தையின் வளர்ச்சியே கெடலாம்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. நாடு முழுக்க நடக்கிறது. தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஆணை காகிதத்தில் இருக்கிறது. ட்யூப் கடையில் கிடைக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. சாதாரண மருந்துக்கு எளிதில் அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சை இந்தியாவில் பரவியிருக்கிறது. ஜப்பானில் ஓர் இந்தியருக்கும் ஒரு நேபாளியருக்கும் வந்த படர்தாமரையில் இருந்து அதை ஆராய்ந்து, 2020-இல் பெயர் வைத்தார்கள். ட்ரைக்கோஃபைட்டான் இந்தோடினியே என்பது அந்தப் பெயர். நம் நாட்டின் பெயரே அதில் சேர்ந்துவிட்டது. இது இப்படிப் பரவியதற்கு ஸ்டீராய்டு ட்யூப்களும் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

ட்யூபில் எழுத்தெல்லாம் ஆங்கிலமாக இருக்கிறதே, எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று காதில் விழுந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூஞ்சை மருந்தின் பெயரும் கூடவே இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்து அடைத்த ட்யூப்தான் அதிகம் விற்கிறது. அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்பதற்கு அது அடையாளம்.

பல மாதம் தடவியவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் தொல்லை வரும். அந்த ட்யூபைக் கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சரியான வைத்தியம்

சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சுரங்க ஆஸ்பத்திரி இருந்தது. 2001-இல் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அந்த வசதியும் போயிற்று. சின்ன நோய்க்கு மெடிக்கல் ஷாப்பே டாக்டர் என்று ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ராபர்ட்சன்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கோலாரில் எஸ்.என்.ஆர். மாவட்ட மருத்துவமனை இருக்கிறது.

பையனின் அம்மா கடைசியில் அரசு மருத்துவமனைக்குத்தான் போனாள் என்று வைத்துக்கொள்வோம். டாக்டரம்மா வட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் செதிலைச் சுரண்டி எடுத்தார். கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்தது.

"எத்தனை நாளா ட்யூப் போடறீங்க?"

"மூணு மாசமா, டாக்டரம்மா. போட்டா போயிடுது. விட்டா வந்துடுது."

டாக்டரம்மா ட்யூபை வாங்கிப் பார்த்தார். "இது வேண்டாம். நான் எழுதித் தர்றதை மட்டும் போடுங்க."

உடம்பில் ஒன்றிரண்டு வட்டம் மட்டும் இருந்தால் பூசும் மருந்தே போதும். க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், டெர்பினாஃபைன் போன்றவை பூஞ்சையைக் கொல்லும் மருந்துகள். எத்தனை வேளை போடுவது என்று சீட்டில் இருக்கும். இடத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே தடவ வேண்டும். வெளி ஓரத்தில் இருந்து உள்நோக்கித் தடவ வேண்டும். வட்டத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்கு நல்ல தோலிலும் தடவ வேண்டும். பூஞ்சை அங்கேயும் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. தடவிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பலரும் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. வட்டம் மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். மறைந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை போட வேண்டும். பெரும்பாலும் அது இன்னும் இரண்டு வாரமாக இருக்கும். காலண்டரில் முதல் நாளுக்கு ஒரு வட்டமும் கடைசி நாளுக்கு ஒரு வட்டமும் போட்டு வைத்தால் மறக்காது. நிறைய இடத்தில் பரவியிருந்தாலும், ஸ்டீராய்டு போட்டு முற்றியிருந்தாலும் மாத்திரையும் தருவார்கள். மாத்திரையின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. அண்ணனுக்குக் கொடுத்த மாத்திரையைத் தங்கைக்குக் கொடுக்கக் கூடாது.

வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசும் பழக்கம் நம்மிடம் உண்டு. சீமை அகத்தி என்பதும் அதுதான். அந்த இலைக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டு என்று சோதனையிலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு, எத்தனை நாள் என்று அதற்குக் கணக்கு இல்லை. அதை நம்பி ஒரு மாதம் கடத்துவதில் பயன் இல்லை. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பேட்டரித் தண்ணீர், பச்சைப் பூண்டு இவை எதையும் குழந்தையின் தோலில் வைக்கவே கூடாது. தோல் வெந்து புண்ணாகும்.

தலையில் வந்தால்

தலையில் வரும் படர்தாமரை பெரும்பாலும் குழந்தைகளுக்கே வருகிறது. தலையில் ஓர் இடத்தில் முடி கொட்டியிருக்கும். அங்கே செதில் இருக்கும். முடி வேரோடு விழாமல் பாதியில் ஒடிந்து, கறுப்புப் புள்ளி போல நிற்கும். புழுவெட்டில் அப்படி இருக்காது. அதில் தோல் வழவழப்பாக இருக்கும். செதில் இருக்காது.

சில குழந்தைகளுக்கு அந்த இடம் வீங்கிச் சீழ் வைக்கும். கட்டி என்று நினைத்துக் கீறிவிடுவார்கள். கீறக் கூடாது. அது பூஞ்சையால் வந்த வீக்கம். வைத்தியம் தாமதமானால் அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காமலே போகலாம்.

மொட்டை அடித்தால் போய்விடும் என்பது தவறு. பூஞ்சை முடியின் வேர் வரை இருக்கிறது. பூச்சு மருந்தும் அங்கே போகாது. மாத்திரைதான் வேண்டும். க்ரிசியோஃபுல்வின் என்ற மாத்திரையை ஆறு முதல் எட்டு வாரம் வரை தருவது வழக்கம். பாலோடு அல்லது சாப்பாட்டோடு கொடுத்தால் நன்றாக உடம்பில் சேரும். அந்த மாத்திரை 1950-களின் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன் பல நாடுகளில் எக்ஸ்ரே கதிரைத் தலையில் செலுத்தி முடியை உதிர்த்தார்கள். இஸ்ரேல் நாட்டில் 1948 முதல் 1960 வரை ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அப்படிச் செய்தார்கள். அவர்களில் பலருக்குப் பிறகு மூளையில் கட்டி வந்தது. 1994-இல் அந்த அரசு இழப்பீடு தரச் சட்டம் போட்டது. இன்று எட்டு வாரம் மாத்திரை கொடுப்பது நமக்குப் பெரிய வேலையாகத் தெரிகிறது. அந்தக் குழந்தைகளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

நோய் உள்ள குழந்தைக்குத் தனித் துண்டு, தனிச் சீப்பு வேண்டும். அதன் துணியைத் தனியாக வெந்நீரில் ஊற வைத்துத் துவைக்க வேண்டும். தண்ணீர் குறைவான நாளில் சட்டையை விட்டாலும் உள்ளாடையையும் துண்டையும் துவைக்காமல் விடக் கூடாது. உள்பக்கம் வெளியே திருப்பி, நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். அரைக் காய்ச்சலாகக் காய்ந்த துணியைப் போடக் கூடாது. பாயையும் தலையணையையும் வெயிலில் போடலாம். வெயிலுக்குக் காசு இல்லை.

இறுக்கமான நைலான் துணி வேண்டாம். பருத்தித் துணி போடலாம். இடுப்பில் ஈரக் கயிறு இருந்தால் கழற்றிவிட வேண்டும். பள்ளிக்கு அனுப்பலாமா? வைத்தியம் தொடங்கிவிட்டால் அனுப்பலாம். தொப்பி, சீப்பு, துண்டு இவற்றை மற்றப் பிள்ளைகளோடு மாற்றிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். ஒருவர் விட்டுவிட்டால் மற்றவர்களுக்குத் திரும்பவும் வரும்.

பையனுக்கும் தங்கைக்கும் மருந்து எழுதிய பிறகு டாக்டரம்மா கேட்டார். "வீட்டில் வேற யாருக்காவது இருக்கா?"

"இல்லீங்க" என்றாள் அம்மா.

கூட வந்திருந்த ஆயா ஒன்றும் சொல்லவில்லை. கையால் இடுப்பை மறைத்துக்கொண்டாள். பையன் தினமும் ஆயாவின் பாயில்தான் படுக்கிறான். டாக்டரம்மா அவள் கையைப் பார்த்தார்.

"வாங்க பாட்டி, உள்ளே வாங்க. எத்தனை வருஷமா இருக்கு?"

"அது ஆச்சும்மா, ரெண்டு வருஷம். இதையெல்லாம் போய் யார்கிட்ட காட்டறதுன்னு விட்டுட்டேன்."

டாக்டரம்மா மூன்றாவது சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.